பெட்டி போனால் வாங்கலாம், கொப்பி போனால்?

எனது கடையின் பெயர்ப்பலகையில் 'ஹாட்வெயார்' என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதோ சீமெந்தும் ஆணியும் பெயின்டும் கயிறும்தான். ஆனாலும் கணனி பற்றி விசாரித்து வருபவர்களுக்குக் குறைவில்லை. இருபது வருடங்களுக்கும் மேலாக எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பழைய கணனியைக் கழற்றுவதும், பூட்டுவதும், புதிய மென்பொருள் வந்தால் போட்டுப் பார்ப்பதுமாக இரவுகள் போகும். இது தொழில் இல்லை, வருமானமும் இல்லை. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "நானா, கடைக்கு ஒரு கணனி எடுக்க வேண்டும், எது நல்லம், எவ்வளவு முடியும்?" 'அது ஒரு நாள் பழுதாகிப் போனால் என் கணக்கை எப்படி மீட்பது' என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு காலத்தில் நானும் கேட்கவில்லை. கேட்காததற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2013ஆம் ஆண்டு நோன்பு பிறக்கச் சில நாட்கள் இருந்தன. ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காகக் கணனியைப் போட்டேன். உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று சுவர்க் கடிகாரம் போலச் சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே நின்றது. ஹாட் டிஸ்க் போய்விட்டது. பழுதுபார்ப்பவர் ஒருவர் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். என்னிடம் இருந்த கடைசிப் பிரதி ஐந்து மாதம் பழையது. ஐந்து மாதக் கடன் வியாபாரம் முழுவதும் அந்தச் சிறிய இரும்புத் துண்டுக்குள் அடங்கிப் போனது.

எனக்கு வரவேண்டியதைக் கேட்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். பெரும்பாலானவர்கள் தங்கள் கொப்பியைத் திறந்து உள்ளதைச் சொன்னார்கள். சிலர் குறைத்துச் சொன்னார்கள். அந்த நட்டம் இரண்டு வருடத்தில் ஆறிவிட்டது.

ஆறாதது மற்றப் பக்கம். வெளியூரிலிருந்து எனக்குத் தும்புக் கயிறு தருகின்ற ஒருவர் இருந்தார். பற்றுச்சீட்டு எதுவும் கிடையாது. லொறியில் அனுப்புவார், நான் கணனியில் பதிவேன், மாதத்துக்கு ஒரு முறை பணம் கொடுப்பேன். அந்த ஐந்து மாதத்துக்குள் அவர் மௌத்தாகிவிட்டார். அவரது மனைவியிடம் போய்க் கேட்டேன். வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மனிதர் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்திருக்கிறார். "நீங்கள் சொல்வதுதான் தம்பி கணக்கு" என்றார் அந்தத் தாய். சொல்வதற்கு என்னிடம் கணக்கு இருக்கவில்லை. களஞ்சியப் பொடியனையும் லொறிக்காரரையும் வைத்து ஞாபகத்தில் கூட்டிப் பார்த்து, வந்த தொகைகளில் கூடியதைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது போதுமானதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஒரு விடயம் எனக்கு விளங்கியது. கணனியில் பெறுமதியான பொருள் பெட்டி அல்ல, உள்ளே கிடக்கும் கணக்கு. பெட்டி போனால் பணம் கொடுத்து வேறு வாங்கலாம். ஆகவே கணனிக்கு ஒதுக்கும் பணத்தை எப்படிப் பிரித்துச் செலவு செய்வது என்பதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

பெட்டியில் மிச்சம் பிடியுங்கள்

பற்றுச்சீட்டு அடிக்க, இருப்புப் பார்க்க, கடிதம் எழுத, வங்கிக் கணக்கைப் பார்க்க, இவ்வளவுக்கும் புத்தம் புதிய கணனி தேவையில்லை என்பது எனது அபிப்பிராயம். வெளிநாட்டுக் கம்பனிகள் பாவித்துக் கழித்த அலுவலகக் கணனிகள் இரண்டாம் கையாக வருகின்றன. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்பவை அந்த வகை. அலுவலகங்களில் நாள் முழுவதும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. மூடியைத் திறந்தால் பாகங்களை இலகுவாகக் கழற்றி மாற்றலாம். மலிவு விலைப் புதிய லெப்டொப்கள் சிலவற்றில் ரெம் பலகையோடு ஒட்டியே வருகிறது. பிறகு கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. விலை ஒன்றாக இருந்தால் கடை மேசைக்கு நான் அந்தப் பழைய பெட்டியைத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தலைமுறை பார்த்து வாங்க வேண்டும். விற்பவர் "இது ஐ7" என்று பெருமையாகச் சொல்வார். ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள். ஐ7-4770 என்றால் முதல் இலக்கமான 4 தலைமுறையைக் குறிக்கிறது. அது 2013இல் வந்தது. ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை, 2018இல் வந்தது. ஐந்து இலக்கமாக 10400 என்று இருந்தால் 10ஆம் தலைமுறை. பெயரில் சிறியதாகத் தெரியும் ஐ5-8500 இல் ஆறு கோர்கள் இருக்கின்றன, அந்தப் பழைய ஐ7 இல் நான்குதான்.

தலைமுறைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2015இல் வந்த விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பு என்று அறிவித்தது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் கணனி என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. பழைய கணனியில் குறுக்கு வழியில் அதைப் போடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நானும் பொழுதுபோக்குக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஓடும். ஆனால் அப்படிப் போட்டவற்றுக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விளையாட்டுக்குப் போடலாம், காசுமேசையில் போடக்கூடாது.

ரெம் 8 ஜி.பி. இருந்தால் சிறிய கடைக்குப் போதும், 16 இருந்தால் வசதி. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகங்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் ரெம் விலை வேகமாக ஏறியது. ஆகவே 'பிறகு கூட்டலாம்' என்று நினைக்காமல், வாங்கும்போதே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று திறந்து பார்த்து வாங்குவது நல்லது.

டிஸ்க்கில் கை நீட்டுங்கள்

பழைய ஹாட் டிஸ்க்கின் உள்ளே வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. அவற்றின் மேல் முடியளவு இடைவெளிகூட இல்லாமல் ஓர் ஊசிமுனை ஓடுகிறது. தட்டில் உரசிவிட்டால் அல்லது ஊசிமுனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினால்தான் நான் கேட்ட அந்த 'டிக், டிக்' சத்தம் வரும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுற்றுவது எதுவும் இல்லை, எல்லாம் சில்லுகள். பழைய கணனியில் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் அது புதுக் கணனி போல வேலை செய்யும். கணனிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

ஆனால் எஸ்.எஸ்.டி. போட்டால் கணக்குப் பத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஹாட் டிஸ்க் பல வேளைகளில் சத்தம் போட்டு, மெதுவாகி, நோயைக் காட்டிவிட்டுத்தான் போகும். எஸ்.எஸ்.டி. நேற்று நன்றாக இருந்து இன்று காலை கண் திறக்காமலே போய்விடலாம். அப்படிப் போனதிலிருந்து மீட்பதும் பெரும் கஷ்டம். வேகத்துக்கு அது, பத்திரத்துக்குப் பிரதி.

நடைபாதையிலும் இணையத்திலும் '2 டெராபைட்' என்று சொல்லிக் கொள்ளை மலிவாக விற்கும் பென் டிரைவ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே 32 அல்லது 64 ஜி.பி. சில்லை வைத்து, கணனிக்குப் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டவை அவற்றில் ஏராளம். கோப்புகள் பிரதியாவது போலவே காட்டும், பிறகு திறக்காது. 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது டிரைவை நிரப்பி, மீண்டும் வாசித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். தராசைச் சரிபார்க்காமல் சாமான் நிறுக்கிறோமா? இதுவும் அப்படித்தான்.

கரண்ட் போகும் நாட்டில்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் ஒரே நேரத்தில் இருண்டது. கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போனால் எழுதிய வரி மட்டுமல்ல, முழுக் கோப்பும் சிதைந்து போக இடமுண்டு. ஆகவே யூ.பி.எஸ். ஆடம்பரம் அல்ல.

ஆனால் அது எதற்கு என்று விளங்கிக்கொள்ள வேண்டும். கடைகளில் கிடைக்கும் 650 வி.ஏ. அளவுள்ள சிறிய யூ.பி.எஸ். தருவது சில நிமிடங்கள்தான். அது தொடர்ந்து வேலை செய்வதற்கு அல்ல, முறையாகச் சேமித்து அணைப்பதற்கு. அதில் லேசர் பிரின்டரைக் கொழுவாதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது. உள்ளே இருக்கும் பற்றரி மூன்று வருடம் அளவில் சோர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடை மூடும் நேரத்தில் சுவர் ஆளியை அணைத்துவிட்டு எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

இலவசமாக வந்த மென்பொருள்

எமது வியாபாரிகள் பலர் கணனிக்கு இலட்சம் கொடுப்பார்கள், மென்பொருளுக்கு ஒரு ரூபாவும் கொடுக்க மாட்டார்கள். 'கிரக்' போட்ட விண்டோஸ், 'கிரக்' போட்ட கணக்கு மென்பொருள். பூட்டை உடைத்துத் தந்தவன் உள்ளே வேறு எதையும் வைக்காமலா தந்திருப்பான் என்று நாம் யோசிப்பதில்லை. அத்தோடு, அப்படிப் பாவிப்பவர் அகப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில் திருத்தங்கள் வரும் வழியையும் அடைத்து வைப்பார்.

அதன் விளைவு என்ன என்பதை 2017 மே 12ஆம் திகதி உலகம் கண்டது. 'வொன்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் அகப்பட்டார்கள்.

இதில் மார்க்கமும் இருக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, எழுத்துரிமை, கண்டுபிடிப்பு, வர்த்தகப் பெயர் ஆகியவை ஷரீஆவின்படி பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஹலாலான சாமானை விற்று, எடுத்த மென்பொருளில் கணக்கெழுதுகிறோமே என்று ஒரு நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும். பணம் கொடுக்க வசதியில்லை என்றால் ஹலாலான இலவசமும் இருக்கிறது. லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் கடிதத்துக்கும் கணக்கு அட்டவணைக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. விண்டோஸோடு கூடவே வரும் டிபென்டர் சிறிய கடைக்குப் போதுமான வைரஸ் காவல் என்பது எனது அனுபவம்.

தப்பிய ஒரே கணனி

இனிப் பிரதிக்கு வருவோம். கொழும்புத் துறைமுகத்தில் பொருள் இறக்கும் எவருக்கும் மேர்ஸ்க் கம்பனியைத் தெரியும். 2017 ஜூன் 27ஆம் திகதி உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் திருத்தத்தோடு ஒட்டிக்கொண்டு 'நொட்பெட்யா' என்ற நச்சு மென்பொருள் பரவியது. மேர்ஸ்க் கணனிகள் உலகம் முழுவதும் ஒன்றன் பின் ஒன்றாக இருண்டன. துறைமுக வாயில்களில் லொறிகள் வரிசையாக நின்றன. 4,000 சேர்வர்களையும் 45,000 கணனிகளையும் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது என்று கம்பனியின் தலைவரே 2018 ஜனவரியில் சொன்னார். நட்டம் 25 முதல் 30 கோடி டொலர் வரை.

யாருக்கு எதில் அனுமதி என்ற முழு வலையமைப்பின் அடிப்படைப் பதிவு சுமார் 150 பிரதான கணனிகளில் இருந்தது. அவை ஒன்றுக்கொன்று பிரதி. ஆனால் எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்ததால் எல்லாம் சேர்ந்தே அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. அது ஆபிரிக்காவில் கானாவில் இருந்தது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததால் அது வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணனியின் டிஸ்க்கை ஆள் மூலம் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துதான் அவ்வளவு பெரிய கம்பனி மீண்டும் எழுந்தது. அவர்களைக் காப்பாற்றியது ஒரு மின்தடை.

எமது நாட்டிலும் நடந்தது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. பிரதியும் சேர்ந்தே பழுதானதால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போயின.

இந்த இரண்டும் சொல்லும் பாடம் ஒன்றுதான். கணனியோடு எந்நேரமும் கொழுவியிருக்கும் பிரதி, பிரதி அல்ல. கூகிள் டிரைவ் போன்றவற்றில் 15 ஜி.பி. வரை இலவசமாக வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது இங்கே அழிந்ததை அங்கேயும் அழித்துவிடும் வகையில் இணைந்திருக்கும். மேலதிகமாக வைக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

ஜும்ஆ நேர வேலை

நான் செய்வதைச் சொல்கிறேன். வெளியில் கொழுவும் ஹாட் டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை மூடுவதற்கு முன், கடையில் உள்ள டிஸ்க்கைக் கொழுவிக் கணக்குக் கோப்புறையைத் திகதியிட்டுப் பிரதி எடுப்பேன். பழையதன் மேல் எழுதுவதில்லை, ஒவ்வொரு கிழமைக்கும் வேறு கோப்புறை. முடிந்ததும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். அது வீட்டு அலுமாரிக்குப் போகும், வீட்டில் இருந்தது சனிக்கிழமை கடைக்கு வரும். கடையில் தீப்பிடித்தாலும் திருடன் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் எனக்குப் போவது அதிகபட்சம் ஒரு கிழமை. அந்த ஒரு கிழமைக்கும் கையால் எழுதிய நாட்கொப்பி இருக்கிறது.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. மாதத்தில் ஒரு நாள் அந்த டிஸ்க்கை வீட்டிலுள்ள வேறு கணனியில் கொழுவி, ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறந்து பார்ப்பேன். திறக்காத பிரதி வைத்திருப்பதும் வைத்திருக்காததும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் அறிவதில்லை. மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றைக் கொடுத்து விண்டோஸ் 11 நிறுவும்போது பல கணனிகளில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். திருடனிடமிருந்து காப்பதற்கு அது நல்லது. ஆனால் தாய்ப்பலகை பழுதாகி மாற்றினால், 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி நிறுவியவரின் மைக்ரோசொப்ட் கணக்கில்தான் இருக்கும். கடைக்கு வந்து போட்டுத் தந்த பொடியன் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்துப் போட்டுவிட்டு வெளிநாடு போயிருந்தால் உங்கள் கணக்கு அவனோடு போய்விட்டது. ஆகவே உங்கள் பெயரிலேயே நிறுவச் சொல்லுங்கள். அந்த 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி, காணி உறுதி வைக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். மௌத் யாருக்கும் முன்னறிவித்தல் கொடுப்பதில்லை.

அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். அது பேசுவது கடனை எழுதி வைப்பது பற்றித்தான். அதில் நான் பிந்தித்தான் கவனித்த ஒரு விடயம் உண்டு. எழுதுபவருக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் மீது அல்ல, கடன்பட்டவர் மீதே வைக்கப்பட்டிருக்கிறது. "நீங்கள் சொல்வதுதான் கணக்கு" என்று அந்தத் தாய் சொன்னபோது, சொல்ல வேண்டியவன் நானாக இருந்தேன். என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கணக்குக் கணனியில் இருக்கிறது என்பதற்காக அந்தப் பொறுப்புக் கணனிக்குப் போய்விடாது. வரும் வெள்ளிக்கிழமை கடையை மூடுவதற்கு முன், இன்ஷா அல்லாஹ், ஒரு பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.